காரணம் இல்லாத மைனஸ் ஒன்று

எங்கள் முக்கூடல் வீட்டு ஃபிரிட்ஜின் தலையில் நான்கு கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. ஒரு லேப்டாப்பின் அடியில் இருக்கும் ரப்பர் கால்கள், ஃபிரிட்ஜின் சூட்டில் நாள்பட இளகி ஒட்டிக்கொண்டு, பிறகு பிரிந்து வந்தபோது விட்டுப்போன தடம். அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். மண்ணெண்ணெய் தடவிப் பார்த்தாள். எலுமிச்சம்பழத் தோலைக்கூட விட்டுவைக்கவில்லை. போகவில்லை. பிறகு ஒரு பூப்போட்ட துணியை மடித்து மேலே விரித்தாள்; நான் ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கோணல்மாணலாகப் போட்டுவிட்டு வருவேன். இதை எழுத உட்கார்ந்த பிறகும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, அவை எங்கே போகப் போகின்றன?

அந்த லேப்டாப் என் மதினியுடையது. அண்ணன் பெண்டாட்டி. வயதில் என்னைவிடச் சில மாதங்கள் இளையவள், உறவில் மூத்தவள். அதனால் நான் அவளை 'வாங்க போங்க' என்று பேசுவேன், அவள் என்னை 'பிள்ள' என்பாள். திசையன்விளையில் கருப்பட்டி, தேங்காய் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். சின்ன வயதிலிருந்தே கடையில் நின்றுகொண்டே வளர்ந்ததால் உட்காருவது என்பதே அவளுக்குத் தெரியாத ஒரு காரியமாக இருந்தது. சாப்பிடும்போது மட்டும் உட்காருவாள், அதுவும் பாதி. ஒரு முழங்கால் தரையைத் தொட்டிருக்கும், இன்னொன்று எழுந்து ஓடத் தயாராக இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு நம்ம வீடு பிடிக்கல போலுக்கு" என்று என்னிடம் கவலைப்பட்டாள். வீடெல்லாம் பிடித்துத்தான் இருந்தது. நாற்காலிதான் பிடிக்கவில்லை. எங்கள் பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் அவள் நெஞ்சளவு உயரம். அதன் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே தட்டிக்கொண்டிருப்பாள். ஒரு காலை மடக்கி இன்னொரு காலில் ஊன்றி, பிறகு மாற்றி, பிறகு அடுப்படிவரை நடந்து, திரும்பி வந்து இரண்டு வரி தட்டி, மறுபடி நடந்து.

நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். வண்ணார்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் சின்ன அலுவலகம். அவள் நிரல் எழுதுபவள், நான் டெஸ்டர். அதாவது அவள் கட்டுவாள், நான் உடைத்துப் பார்ப்பேன். என் சுபாவத்துக்கு ஏற்ற வேலை. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றானபோது நாங்கள் முக்கூடலிலேயே தங்கிவிட்டோம். என் வீட்டுக்காரர் கப்பலில் இருப்பவர், வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். அதனால் நான் அம்மா வீட்டில் இருப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

எங்கள் அலுவலகம் செய்து கொடுத்தது போர்ட்டல்கள். பெரிய நிறுவனத்தில் விடுப்பு கேட்க ஒரு இடம், சுற்றறிக்கை படிக்க ஒரு இடம், மருந்து இருப்பு கேட்க ஒரு இடம் என்று இருக்குமல்லவா, அதையெல்லாம் ஒரே வாசலுக்குள் கொண்டுவரும் மென்பொருள். நாங்கள் அதை முழுக்க உட்கார்ந்து எழுதவில்லை. உலகத்தில் பல மூலைகளில் இருக்கும் ஆட்கள் சேர்ந்து கட்டி, மூல நிரலைத் திறந்து வைத்திருக்கும் ஒரு போர்ட்டல் இருந்தது. ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். திருத்தியதைத் திருப்பிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். நாங்கள் அதை எடுத்து, ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு ஏற்றமாதிரி தைத்துக் கொடுத்தோம். அந்தக் குழுமத்துக்குத் திசையன்விளைப் பக்கமும் ஒரு கிளை உண்டு. அங்கே மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட பெண் ஒருநாள் எனக்குப் போன் செய்து அழுதாள். காலையிலிருந்து மருந்துக் கேட்புப் படிவத்தை நிரப்புகிறாளாம், பாதிக்கு மேல் போனதும் நெட் அறுந்துவிடுகிறதாம், திரும்ப வந்தால் எல்லாம் வெறுமையாம். "இதுக்குப் பேசாம பேப்பர்ல எழுதிக் குடுத்திருப்பேன்லா அக்கா" என்றாள்.

தனக்கு நடந்தால் சிரித்துவிட்டுப் போகும் மதினி, மற்றவர்களுக்கு நடந்தால் பொறுக்க மாட்டாள். அன்றைக்கே ஃபிரிட்ஜ் முன்னால் நின்று ஆரம்பித்தாள். தட்டத் தட்ட அந்தக் கணினியிலேயே சேமித்துவைத்து, நெட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஒரு மாட்யூல். கேட்க எளிது. நான் எத்தனை விதமாக உடைத்தேன் என்று எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். வயரைப் பிடுங்கினேன், ரௌட்டரை அணைத்தேன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிக்னல் செத்துப்போகும் எங்கள் கொல்லைப்புறம் வரை ஓடினேன். கடைசியில் உடைக்க முடியாமல் போனபோது எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. அதை அவள், அந்தப் போர்ட்டலைக் கட்டும் ஆட்களின் சமூகத்துக்கு அனுப்பினாள். அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். இது சரியில்லை, அது நீளம், இதற்குச் சோதனை எங்கே. அங்கே யாரும் குசலம் விசாரிப்பதில்லை, நேரே வெட்டுக் குத்துதான். பெயருக்குப் பதில் அவள் வெறும் முதலெழுத்துகளை வைத்திருந்ததால், ரொம்ப நாள் அவளை ஆண் என்றே நினைத்து 'பிரதர்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவளும் திருத்தவில்லை. பல மாத மல்லுக்கட்டுக்குப் பிறகு மாட்யூல் உள்ளே போனது. அதற்குப் பிறகும் அவள் விடாமல் வேலை செய்ததைப் பார்த்து அவளுக்குச் சாவியும் கொடுத்தார்கள். 'கமிட்டர்' என்பார்கள். பொது நிரலில் நேரடியாகக் கை வைக்கலாம், முடிவுகளில் வாக்களிக்கலாம். அந்த மெயில் வந்த அன்று வீட்டில் பால்பாயசம் வைத்தாள். எதற்கென்று அண்ணனுக்குப் புரியவில்லை, இரண்டு டம்ளர் குடித்தான்.

அந்த வாக்கு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து முடிந்தது. ஒருவர் ஒரு மாற்றத்தை முன்வைத்தால், பிடித்தவர்கள் 'பிளஸ் ஒன்று' என்று எழுதுவார்கள். யாருமே ஒன்றும் எழுதாமல் மூன்று நாள் போனால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். ஆனால் சாவி வைத்திருக்கும் ஒரே ஒரு ஆள் 'மைனஸ் ஒன்று' என்று எழுதிவிட்டால் போதும், அந்த மாற்றம் நின்றுவிடும். நூறு பேர் ஆமாம் என்றாலும் நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை: மைனஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாத மைனஸ் ஒன்று கணக்கில் வராது.

அம்மாவுக்கு இதையெல்லாம் மதினி ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே விளக்கினாள். உரித்ததும் நின்றுகொண்டுதான்.

"இதுக்கு மொதலாளி யாரு?" என்றாள் அம்மா.

"மொதலாளின்னு யாரும் கெடையாது அத்த."

"மொதலாளி இல்லாம வேல எப்படி நடக்கும்?"

"ஒருத்தர் இன்னது செய்யப்போறேன்னு சொல்லுவாவ. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா சரின்னு அர்த்தம்."

அம்மா பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, "அட, நம்ம வீடு மாதிரிதான்" என்றாள்.

நான் சிரித்தேன். மதினியும் சிரித்தாள். ஆனால் அம்மா சொன்னதில் விளையாட்டு எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அப்பா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கூடத்தில் நின்று, மோட்டார் மாற்றப்போகிறோம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, வயலைக் குத்தகைக்கு விடுகிறோம் என்று அறிவிப்பார். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அதோடு முடிவாகிவிடும். அண்ணனும் அப்படியே வந்து நின்றான். கெட்டவன் இல்லை, குரலை உயர்த்தியதில்லை. யாராவது மறுத்தால் கேட்கக்கூடியவன் என்றே நானும் நம்பியிருந்தேன். யாரும் மறுத்ததில்லை, அதனால் அது சோதித்துப் பார்க்கப்படவில்லை. டெஸ்டராக இருந்துகொண்டு இதை நான் கவனிக்காமல் விட்டது வேடிக்கைதான்.

காரணம் எழுதும் விதியில் மதினி ரொம்பக் கறார். ஒருமுறை ஒரு பெரிய ஆள், அந்தப் போர்ட்டலின் பாதியை எழுதியவர் என்று சொல்வார்கள், ஏதோ எரிச்சலில் வெறும் மைனஸ் ஒன்று போட்டுவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் தயங்கிக்கொண்டிருந்தார்கள். மதினிதான் எழுதினாள்: காரணம் இல்லை, எனவே இது செல்லாது, வேலையைத் தொடரலாம். அனுப்பிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். "பெரிய ஆளுன்னா காரணம் சொல்ல வேண்டாமா பிள்ள? மனசுக்குப் பிடிக்கலன்னா வீட்டுல போய்ச் சொல்லட்டும்" என்றாள்.

பிறகு மார்கழி பிறந்த கையோடு அந்த வெள்ளம் வந்தது. மழை வழக்கமாகப் பெய்கிற மழை இல்லை. தாமிரபரணி எங்கள் தெருவைப் பார்க்க வந்தது. கீழ்த்தெருவெல்லாம் உள்ளே போனது. எங்கள் வீட்டு இரண்டாவது படியோடு நின்றுவிட்டது, அதை அம்மா இன்றைக்கும் ஆற்றுக்கு நன்றி சொல்லித்தான் பேசுவாள். கடைத்தெருவில் அண்ணனின் உரக்கடை தப்பவில்லை. மூட்டை மூட்டையாக உரம், உப்பு கரைந்ததுபோல் கரைந்து போனது. கரண்டு போனது, பிறகு செல்போன் கோபுரமும் போனது. போவதற்குச் சற்று முன்னால், மொட்டை மாடியில் குடையோடு நின்ற மதினியின் போனில் ஒரு கோடு சிக்னல் வந்து போனது. அந்த இடைவெளியில் ஒரு மெயில் இறங்கியது. புதிய வெர்ஷனில் படிவங்களை முழுவதும் மாற்றி எழுதுகிறோம், பழைய சேமிப்பு மாட்யூல் பொருந்தாது, அதை நீக்கிவிடலாம் என்று நினைக்கிறோம், மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் நீக்கப்படும். எழுதியவர் எங்கேயோ குளிர்நாட்டில் இருப்பவர். நல்ல மனுஷன், முன்பு அவள் நிரலைப் பொறுமையாகப் படித்துத் திருத்தியவர். அவருக்கு முக்கூடல் என்று ஒரு ஊர் இருப்பதும் அது அன்று தண்ணீரில் நிற்பதும் எப்படித் தெரியும்?

மதினி மாடியிலேயே பதில் தட்டினாள். போனில் சார்ஜ் ரொம்பக் கம்மி, திரை மங்கிவிட்டிருந்தது, குடையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. 'மைனஸ் ஒன்று. காரணம் பிறகு அனுப்புகிறேன்' என்று தட்டி அனுப்பினாள். சிக்னல் இல்லை. அது போகாமல் போனிலேயே நின்றது. அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவள் நிலைகொள்ளவில்லை. ஊரே பள்ளிக்கூடத்தில் கிடந்தது. அவளும் நானும் அங்கே போய்ப் பெரிய சட்டியில் தக்காளிச் சோறு கிண்டினோம், குழந்தைகளுக்குத் துணி தேடினோம். அந்த வேலைக்கு நடுவே அவள் காணாமல் போய்விடுவாள். பார்த்தால் பள்ளிக்கூட மாடியில் கையை உயர்த்திப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இல்லாவிட்டால் தண்ணீர்த் தொட்டி ஏணியில். மற்ற நேரமெல்லாம் போனை அணைத்து, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். அண்ணன் ஒருதடவை பார்த்துவிட்டான். கடையில் மிச்சமிருந்ததைத் தூக்கிவிட்டுச் சேறும் சகதியுமாக வந்து நின்றவன், "ஊரே முங்கிக் கெடக்கு, ஒனக்கு மெயிலா?" என்று கேட்டான். அவள் போனை மறுபடி தலைப்பில் முடிந்துகொண்டாள். அவன் போன பிறகு என்னிடம், "அவுக கேக்கது சரிதான் பிள்ள. எனக்கே வெக்கமாத்தான் இருக்கு" என்றாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி ஏணியில் ஏறினாள்.

அப்போதுதான் உவரியிலிருந்து மீன்பிடிக்கிற ஆட்கள் ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கடலில் ஓடும் படகு எங்கள் கடைத்தெருவில் ஓடியதை நான் பார்த்தேன். மாடிகளில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கி, மேட்டுப்பக்கம் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மேட்டுக்கு அப்பால் எங்கோ சிக்னல் வருகிறது என்று ஒரு பேச்சு. அவர்களில் வயதில் பெரியவர் ஒருவர், கழுத்தில் ஜெபமாலையும் தலையில் துண்டும் கட்டியவர், பள்ளிக்கூடத்து வாசலில் சோறு வாங்கச் சற்று நின்றார். மதினி அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, இந்தப் போனக் கொண்டுட்டுப் போறியளா?"

"யாருகிட்டக் குடுக்கணும்?"

"யாருகிட்டயும் குடுக்க வேண்டாம். ஒங்க சட்டப் பையில கெடந்தா போதும். சிக்னல் வர்ற எடத்துக்குப் போனதும் உள்ள இருக்க சேதி அதுவாப் போயிரும். அணைச்சிர மட்டும் வேண்டாம்."

அவர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உசுர் காக்குத விசயமா?"

மதினி பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல அண்ணாச்சி. வேல விசயம். ஆனா இன்னைக்குப் போகலன்னா பிரயோசனம் இல்ல" என்றாள்.

அவர் ஒரு நொடி யோசித்தார். பிறகு, தீப்பெட்டி நனையாமல் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரில் போனையும் போட்டு, முடிச்சுப் போட்டு, சட்டைக்குள் ஜெபமாலைக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். படகு போகும்வரை அவள் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் வந்து போனைக் கொடுத்தார். "மேட்டுப்பக்கம் போகையில டிங்குனு ஒரு சத்தம் கேட்டுச்சும்மா. அப்புறம் தானா அணைஞ்சிட்டு" என்றார். மதினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று புரியவில்லை. "ஒங்க வேல நடந்துட்டுல்லா, போதும்" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவையாகச் சோறு வாங்கினார். அன்று முழுவதும் மதினி சிரித்த முகமாக இருந்தாள். மூன்று நாள் முடியும் முன்பே போய்விட்டது, அவளுக்கு அது போதும்.

போயும் சேர்ந்திருந்தது. கரண்டும் சிக்னலும் திரும்பி வந்தபோது, அவள் லேப்டாப்பை ஃபிரிட்ஜ் மேல் வைத்துத் திறந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவளுடைய மெயில் கெடுவுக்குள் சரியாக அங்கே போயிருந்தது. அதற்குக் கீழே அந்தக் குளிர்நாட்டுக்காரரின் பதில். நன்றி சொல்லியிருந்தார். மைனஸ் ஒன்றுக்குத் தொழில்நுட்பக் காரணம் தேவை என்பது உங்களுக்கே தெரியும், கெடு முடியும்வரை காத்திருந்தோம், காரணம் வரவில்லை, எனவே தொடர்கிறோம். அதற்குக் கீழே வரிசையாகப் பிளஸ் ஒன்றுகள். மாட்யூல் நீக்கப்பட்டிருந்தது. புதிய வெர்ஷனும் வெளியாகிவிட்டிருந்தது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இது அநியாயம் மதினி. எழுதுங்க, நல்லா நாலு வார்த்த கேட்டு எழுதுங்க" என்றேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறவில்லை. "அவரு சொன்னது சரிதான் பிள்ள. நானே எத்தன பேர இப்படித் தள்ளிருக்கேன்" என்றாள். பிறகு, "சுத்தி நாலு பக்கமும் தண்ணி. காரணம் என் இடுப்புவர நின்னுச்சு. அதப் போய் எழுதணுமான்னு தோணிட்டு" என்றாள். நான் அவளுக்காக இன்றைக்கும் வருத்தப்படுவது அந்த ஒரு வரிக்காகத்தான். அவள் சோம்பேறித்தனத்தால் எழுதாமல் விடவில்லை. எதிரே இருப்பவனுக்கும் தெரியும் என்று ஒரு கணம் நம்பிவிட்டாள். விதியை அரைகுறையாகத் தெரிந்தவர்கள் பயந்துபோய் நீளமாகவே எழுதியிருப்பார்கள். இப்படி விட்டுவிட, விதியைக் கரைத்துக் குடித்தவளால்தான் முடியும்.

பிறகு நீளமாகக் காரணம் எழுதினாள், வெள்ளத்தையும் சேர்த்து. நெட் அறுந்துபோகிற ஊர்கள் உலகத்தில் இன்னும் இருக்கின்றன, அங்கேயும் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள் என்று எழுதினாள். எல்லோரும் பதறிப்போய்ப் பதில் போட்டார்கள், பத்திரமாக இருங்கள் என்றார்கள், இதயப் படங்கள் அனுப்பினார்கள். அந்தக் குளிர்நாட்டுக்காரர் மனம்விட்டு வருந்தினார். ஆனால் புதிய படிவங்களுக்கு ஏற்ப மாட்யூலை மறுபடி எழுத ஒரு ஆள் வேண்டும், நீங்கள் எழுதினால் அடுத்த வெர்ஷனில் கண்டிப்பாகச் சேர்ப்போம் என்றார். அதில் அநியாயம் எதுவும் இல்லை. மதினி ஆரம்பித்தாள். ஃபிரிட்ஜ் முன்னால் மறுபடி நடையும் தட்டலுமாக வீடு பழைய சத்தத்துக்குத் திரும்பியது.

பொங்கல் கழிந்து ஒருநாள் சாயங்காலம் அண்ணன் கூடத்தில் வந்து நின்றான். கடையை இனி எடுத்து நிறுத்த முடியாது என்றான். ஓசூரில் அவன் சிநேகிதன் ஒருவன் கம்பெனி நடத்துகிறான், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், குடும்பத்தோடு போய்விடலாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னான். மதினிக்கும் அங்கே நல்ல கம்பெனியில் வேலை கிடைக்கும் என்றான். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அம்மா சேலை நுனியைப் பார்த்தாள். அவன் போகத் திரும்பியபோது ஃபிரிட்ஜ் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"எனக்கு இதுல சம்மதம் இல்ல."

எங்கள் வீட்டுக் கூடம் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் கேட்டதில்லை. அண்ணன் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டான். "ஏன்? காரணம் சொல்லு."

மதினி லேப்டாப்பை மூடினாள். "காரணம் சொல்லணும்கிறது அங்கன உள்ள விதி. இங்கன நான் சொன்னா போதாதா?" என்றாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "காரணம் இல்லாம எப்படி?" என்றான். குளிர்நாட்டுக்காரர் எழுதியதும் இதையேதான். அண்ணனுக்கு அது தெரியாது. "மதினிதான் வேண்டாம்னு சொல்லுதாவல்லா" என்றேன் நான். "நீ சும்மா இரு ஏட்டி" என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்குப்படி அம்மாவின் வாக்கு எந்தப் பக்கம் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆற மாட்டேன் என்கிறது. கடை போன மனுஷன் என்ன செய்வான்? ஆனால் அவனுக்கு நியாயம் இருந்ததால் அவளுக்கு இல்லை என்று ஆகிவிடுமா? மாசிக்குள் சாமான் ஏற்றினார்கள். ஃபிரிட்ஜ் மேலிருந்து லேப்டாப்பைத் தூக்கியபோது பட்டென்று ஒரு சத்தம் வந்தது. ரப்பர் கால்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

மாட்யூல் பாதியில் நின்றது. ஓசூரில் அவளுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்தால் நேரம் இல்லை. வேலை எதுவும் செய்யாமல் ரொம்ப நாள் இருந்ததால் சமூகத்தில் அவளுடைய சாவியையும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதுவும் விதிதான். நாங்கள் மருத்துவமனைக்குப் பழைய வெர்ஷனையே கொஞ்ச காலம் ஓட்டினோம். பாதுகாப்புக் காரணத்துக்காகக் கடைசியில் புதியதற்கு மாற வேண்டி வந்தது. மாறிய வாரமே திசையன்விளைக் கிடங்குப் பெண் போன் செய்தாள். இந்தத் தடவை அழவில்லை. "அக்கா, பழையபடி பாதியில போயிட்டு. நான் இப்பம் மொதல்ல வாட்ஸாப்ல தட்டிட்டு அப்புறம் எடுத்து ஒட்டுதேன்" என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் பழகிக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை. உடைக்க மட்டுமே தெரிந்த நான், மதினி விட்டுப்போன பாதி நிரலை எடுத்து வைத்துக்கொண்டு கட்ட ஆரம்பித்தேன். திணறித் திணறி எழுதினேன். எத்தனையோ முறை அந்தக் குளிர்நாட்டுக்காரர் திருப்பி அனுப்பினார். நேற்றுதான் அவர், இதைச் சேர்த்துக்கொள்ளலாம், மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் என்று எல்லோருக்கும் போகும் மெயிலில் எழுதியிருக்கிறார். இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக, எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

இன்று காலை மதினிக்குப் போன் செய்து சொன்னேன். "அப்படியா" என்றாள். குரலில் சந்தோஷம் இருந்தது, ஆனால் தூரத்திலிருந்து வந்தது. "எனக்கு உக்கார இருப்புக் கொள்ளல மதினி. ஃபிரிட்ஜச் சுத்திச் சுத்தி வாரேன். நீங்க என்ன செய்யுதிய?" என்று கேட்டேன். "நானா? உக்காந்துதான் இருக்கேன் பிள்ள. கம்பெனியில நல்ல சேர் குடுத்திருக்காவ. வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிட்டோம், இன்னைக்கு வீட்டுலருந்துதான் வேல. இப்பம்லாம் உக்காந்தே வேல பாக்கேன்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகு நான் ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த அண்ணன் போன் செய்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். ஃபிரிட்ஜ் ராத்திரியெல்லாம் உறுமுகிறது, ஐஸ் கட்டிக்கொள்கிறது என்று அம்மா போன வாரம் அவனிடம் சொல்லியிருந்தாள். "ஆடித் தள்ளுபடி போட்டிருக்கான். பழசக் குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கலாம். நாளைக்கே ஆள் வந்து தூக்கிருவான். கடைக்காரன்ட்டச் சொல்லிருதேன், சரியா?" என்றான். மின்விசிறி சுற்றியது. அவன் எங்கள் பதிலுக்காக வழக்கமான அந்தக் கொஞ்ச நேரம் காத்திருந்தான். என் லேப்டாப் அப்போது ஃபிரிட்ஜ் மேல்தான் இருந்தது. மதினியுடையதைவிடச் சின்னது, அதன் கால்கள் அந்தப் புள்ளிகளில் எதிலும் பொருந்துவதில்லை.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்? அதுதான் ஒழுங்கா ஓட மாட்டேங்குதே. காரணம் சொல்லு."

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா போனைக் கையில் எடுத்து, ஏதோ அது காது கேளாதது மாதிரி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அவ வேண்டாம்ங்கா. அவ்வளவுதான். காரணம்லாம் என்னத்துக்கு?" என்றாள்.

அண்ணனும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தான் போலிருக்கிறது. அம்மாவின் குரல் ஓசூர் வீடு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் நாற்காலி ஒன்று தரையில் தேய்ந்து நகரும் சத்தம் வந்தது. யாரோ எழுந்து நின்றார்கள்.